சாவி சுற்றிய ஊர்

எங்கள் ஆயா பல வருடம் மாதர் சங்கத்துக்குத் தையல் கற்கப் போனவர். அவர் கையால் தைத்த ஒரு துணிகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ரவிக்கைகள் பூந்தமல்லி பஜார் தையற்காரரிடம் போகும். கொக்கி அறுந்தால் ஊக்குக் குத்திக்கொள்வார். ஆனாலும் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்தானதும் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, "தையல் கிளாஸுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அத்தனை வருடம் அங்கே என்னதான் நடந்தது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் காலமான பிறகு அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

கூடவே ஓர் எரிச்சலும் இருந்தது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். மாதர் சங்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால், "கலெக்டர் சம்சாரம்" என்பார்கள். ஆவடியில் கேட்டால் "மிலிட்டரி ஆபீசர் சம்சாரம்". அம்பத்தூரில் "கம்பெனி மேனேஜர் வீட்டம்மா". பூந்தமல்லியில் "ஒரு வெள்ளைக்காரம்மா". ஆவடிக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ராணுவம் வந்துவிட்டது. 1961-ல் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தது. அம்பத்தூருக்கு டிஐ சைக்கிள், டன்லப். பூந்தமல்லிக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பழைய குடியிருப்பு. எந்த ஊரில் யார் கை ஓங்கியிருந்ததோ, அவர் வீட்டுப் பெண்தான் அந்த ஊர்க் கதையில் சங்கத்தைத் தொடங்கியவர். எல்லாக் கதையிலும் ஒரு பெரிய வீட்டம்மா காரில் வந்து இறங்குகிறார். ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்று கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமலே நினைத்ததை நடத்திக்கொண்ட என் ஆயாவை அந்த வரிசையில் என்னால் நிறுத்திப் பார்க்க முடியவில்லை.

சங்கக் கட்டடத்தில் ஒரு திறப்புவிழாக் கல் பதித்திருக்கிறது. வருடாவருடம் அடித்த சுண்ணாம்பும் அதன்மேல் அடித்த பெயின்டும் எழுத்தை நிரப்பிவிட்டன. "திறந்து வைத்தவர்" என்பதை மட்டும் விரலால் தடவிப் படிக்கலாம். அடுத்த வரி சமதளமாகிவிட்டது. காகிதமாவது கிடைக்குமா என்று தேடினேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கச் செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே மாநகராட்சியானது. எல்லைக்கோடு நகர்ந்தபோதெல்லாம் பழைய கட்டுகளும் கை மாறின. எங்கள் ஊர்ச் சங்கத்தின் கட்டு எந்தக் கையோடு நின்றது என்று சொல்ல ஆள் இல்லை.

சரி, மேலிருந்து கீழே வருவோம் என்று அடையாற்றிலிருந்து தொடங்கினேன். 1917 மே 8 அன்று அங்கேதான் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் தலைவர். அயர்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றுவந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அம்மு சுவாமிநாதன் எல்லாம் முன்னின்றவர்கள். அதற்கு முன்பே அடையாற்றில் தமிழ் மாதர் சங்கம் என்ற ஒன்று இயங்கிவந்தது. புதிய சங்கம் ஐந்தாண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகளாகப் பெருகி, இரண்டாயிரத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 'ஸ்திரீ தர்மா' என்று சொந்தமாக ஒரு பத்திரிகையும் நடத்தியது. கிளைகளில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். எழுத்தறிவு, முதலுதவி, தையல். தையல் என்று பார்த்ததும் ஆயாவின் காலடி தெரிந்துவிட்டதாகவே சந்தோஷப்பட்டேன்.

நூல் இன்னும் கிட்டத்தில் வந்தது. இந்திய மாதர் சங்கத்தைப் பிற்காலத்தில் நெடுநாள் தலைமையேற்று நடத்தியவர் சரோஜினி வரதப்பன். முதலமைச்சராக இருந்த எம். பக்தவத்சலத்தின் மகள். பக்தவத்சலத்தின் சொந்த ஊர் பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம்.

இதோடு அரசாங்கத்தின் பாதையும் வந்து சேர்ந்துகொண்டது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம்; அதன் வழியே ஊருக்கு ஊர் வந்த கிராம சேவிகா, அவருக்கு மேலே முக்கிய சேவிகா. 1953-ல் துர்காபாய் தேஷ்முக்கின் தலைமையில் மத்திய சமூக நல வாரியம். அடுத்த ஆண்டே சுமார் 25 கிராமங்களுக்கு ஒரு திட்டம் என்று பால்வாடி, கைத்தொழில் வகுப்பு, பேறுகால உதவி எல்லாம் சேர்ந்து வந்தன. அதே 1954-ல் சகோதரி சுப்புலட்சுமி சென்னைக்குத் தெற்கே மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு நல மையம் தொடங்கினார். அடையாறு, டெல்லி வாரியம், ஊராட்சி ஒன்றியம், பிறகு எங்கள் ஊர் என்று பாதை நன்றாகத்தான் தெரிந்தது. கடைசி இரண்டு மைலுக்கு மட்டும் சாட்சி வேண்டும். அதற்காகச் சின்னாயாவிடம் போனேன்.

சின்னாயா எங்களுக்குச் சொந்தம் இல்லை. அடுத்த தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர். ஆயாவோடு சங்கத்துக்குப் போனவர்களில் இன்று நினைவோடு இருப்பவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசுவார்.

"சங்கம் எப்ப ஆரம்பிச்சாங்க சின்னாயா?"

"ஆவடி காங்கிரசுக்கு அப்புறம். டன்லப் வர்றதுக்கு முன்ன."

ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது 1955 ஜனவரியில். டன்லப் ஆலை அம்பத்தூருக்கு வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். கல்லில் கிடைக்காத காலக்கணக்கு திண்ணையில் கிடைத்துவிட்டது. அடுத்ததாக, ஆரம்பித்தது யார் என்று கேட்டேன்.

"அது கெடக்குது கண்ணு. சாவி யாராண்ட இருந்துச்சுன்னு கேளு."

நான் பெயரைக் கேட்டேன். அவர் பால் பவுடரைச் சொன்னார். அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, கட்டி தட்டாமல் கரைத்து, டம்ளரோடு வரும் பிள்ளைகளுக்கு ஊற்றியதைச் சொன்னார். கலெக்டர் சம்சாரம் வந்தாரா என்றேன். வந்தார், மாலை போட்டோம், போனார் என்றார். அடையாற்றிலிருந்து யாராவது வந்தார்களா, நசரத்பேட்டையிலிருந்து சரோஜினி அம்மா வந்தாரா என்றேன். "பெரியவங்க வருவாங்க, போவாங்க. சாவி யாராண்ட இருந்துச்சு, அத்தக் கேளு." அடுத்த முறை போனபோதும் அதே பேச்சு. நான் தொடக்கத்துக்கு இழுப்பேன். அவர் சாவிக்கு இழுப்பார். முருங்கைக்கீரை தீர்ந்துவிடும். தலைவராக இருந்தது யார் என்று கேட்டுப் பார்த்தேன். ஊர்ப் பெரிய வீட்டு மருமகள் என்று சொல்லிவிட்டு, "அவங்க வூட்ல சாவி இல்ல" என்றார். அப்போதுதான், யார் வீட்டில் இருந்தது என்று கேட்டேன். கீரைக் கட்டை ஓரமாக வைத்தார்.

"ஒரு வூட்ல இருந்தா அது அவங்க சங்கம் கண்ணு. மாசத்துக்கு ஒரு வூடு. சாவி சுத்திக்கினே இருக்கும்."

"ஏன் அப்படி?"

"இன்னா ஏன்? சாவி நம்ம வூட்ல இருந்தா நாமதானே போயித் தெறக்கணும்? தெறக்கலைன்னா அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. போவாதன்னு மாமியா எப்பிடிச் சொல்லும்? எந்த வூட்ல மருமவள அனுப்ப மாட்டேன்னு சொல்றாங்களோ, அடுத்த மாசம் சாவி அந்த வூட்டுக்குப் போவும்."

தேடல் அந்த இடத்தில் திரும்பிவிட்டது. யார் தொடங்கினார் என்ற கேள்வி எனக்கே சின்னதாகத் தெரிந்தது. எந்தத் திட்டக் கையேட்டிலும் இருக்க முடியாத ஓர் ஏற்பாட்டை எங்கள் ஊர்ப் பெண்கள் தாங்களே யோசித்துச் செய்திருக்கிறார்கள். எந்த வீட்டுக் கதவு இறுக்கமாக மூடியிருந்ததோ, அதே வீட்டின் ஆணியில் போய்ச் சாவி தொங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு சின்னாயா தானாகவே பேசினார். சங்கத்துக்கு வந்த தையல் மிஷின் ஒன்று. பெண்கள் இருபது பேருக்கு மேல். ஒருத்தி மிதிக்கும்போது மற்றவர்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் நடந்தது. பட்டாளத்தில் இருந்த மகனின் கடிதத்தை எழுத்துத் தெரிந்தவள் படித்துக் காட்டினாள். ரேடியோவில் மகளிர் நிகழ்ச்சி ஓடியது. கைநாட்டு வைத்தவர்கள் சிலேட்டில் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். பிரசவத்துக்கு ஆள் இல்லாமல் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் இறந்தபோது, எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்துபோய், பிடிஓவைப் பார்த்து, மிட்வைஃப் வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். வீட்டில் அன்றைக்கும் தையல் கிளாஸ் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"எங்க ஆயா?"

"அது மிஷின்ல ஒக்காந்ததே இல்ல. சீட்டுக் கணக்கு அதுதான். ஒரு பைசா பிசகாது. எத்தினி கல்யாணம் அந்தச் சீட்டுல நடந்துச்சு தெரியுமா?"

எங்கள் வீட்டில் தைத்த துணி இல்லாததற்கு விடை கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு ரூபாய்க்குக்கூடக் கணக்குக் கேட்கப்பட்ட என் ஆயா, மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை இருபது குடும்பங்களின் பணத்தைக் கையாண்டிருக்கிறார்.

இதைக் கேட்டபின் அடையாற்றுக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை என் கண் வேறொன்றில் நின்றது. 1917 டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தார். பெண் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டார் மார்கரெட் கசின்ஸ். அரசியல் கோரிக்கையோடு வரும் தூதுக்குழுக்களை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுவோம் என்று வாக்குரிமைக் கோரிக்கையையும் சேர்த்தார்கள். டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் மாண்டேகுவைச் சந்தித்தார்கள். 1921-ல் சென்னைச் சட்டசபை, பெண் என்பதால் வாக்கு இல்லை என்ற தடையை நீக்கியது. இந்திய மாகாணங்களில் அதை முதலில் செய்தது சென்னைதான். சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சில பெண்களுக்கே அது பயன்பட்டது என்றாலும், கதவு திறந்தது. 1926-ல் முத்துலட்சுமி ரெட்டி அதே சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார்; அதன் துணைத் தலைவராகவும் ஆனார்.

கல்வி பற்றிப் பேசப் போனவர்களுக்கு அரசியல் பேசினால்தான் உள்ளே வழி என்றார்கள். அவர்கள் வாக்குரிமையோடு உள்ளே போனார்கள். எங்கள் ஊரில் தையல் என்றால்தான் வெளியே வழி. இவர்கள் தையலைச் சொல்லிக்கொண்டு ஒன்றிய அலுவலகம்வரை போனார்கள். திறந்த கதவு எதுவோ அதன் வழியே தங்களுக்கு வேண்டியதைக் கொண்டுபோகும் சாமர்த்தியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இதை அடையாற்றுக்காரர்கள் வந்து எங்கள் ஊருக்குக் கற்றுக்கொடுத்திருக்கத் தேவையில்லை.

பெரிய பெயர்களையும் அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். சகோதரி சுப்புலட்சுமி பதினொரு வயதில் விதவையானவர். 1911-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பங்கெடுத்து வளர்த்த மயிலாப்பூர் லேடீஸ் கிளப்தான் 1956-ல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியது. சரோஜினி வரதப்பன், அத்தனை செல்வாக்குள்ள வீட்டில் பிறந்தும், குடும்பத்தின் எதிர்ப்பால் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தவர். எண்பது வயதை ஒட்டித்தான் முனைவர் பட்டம் வாங்கினார். காரில் வந்து இறங்கியதாக ஊர்க்கதை சொல்லும் பெரிய வீட்டம்மாக்களும் தங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டத் தங்களுக்கென்று ஒரு காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்களாக இருக்கலாம். அப்படி நினைத்துப் பார்த்ததும், ஆரம்பத்தில் அவர்கள்மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது.

1989-ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, கிராமத்துப் பெண்களுக்குச் சேமிப்பும் கூட்டுப் பொறுப்பும் புதிதாகக் கற்றுத்தரப்படுவதாகப் பலர் எழுதினார்கள். அந்தத் திட்டம் பெரிய வேலை செய்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முப்பது வருடம் முன்பே, வங்கி இல்லாமல், மானியம் இல்லாமல், ஒரு மிஷினையும் ஒரு பூட்டையும் வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்த பெண்கள் எங்கள் பக்கத்துப் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிய ஊர்களில் இருந்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர வேண்டும்.

இப்போது சின்னாயாவோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடங்கியவர், தலைவர் என்ற வரிசைகளெல்லாம் அதில் இல்லை. சாவி எந்தெந்த வீட்டுக்குப் போனது, போனபோது அந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்பதுதான் பட்டியல். சில பெயர்களைச் சொல்லிவிட்டுச் சின்னாயா நெடுநேரம் பேசுகிறார். சில பெயர்கள் அவருக்கே ஞாபகம் வர மாட்டேன் என்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் தையல் கிளாஸுக்கும் பஜனைக்கும் போன அம்மாக்களும் பாட்டிகளும் இன்னும் இருக்கிறார்கள். போன இடத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். கல்லும் காகிதமும் நமக்கு வைத்துவிட்டுப் போகாததை அவர்கள் மட்டும்தான் சொல்ல முடியும்; அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.