பனிச்சறுக்கு மலையில் இரு நாட்கள்

மல்லாவியிற் பிறந்து வளர்ந்தவனுக்கு மேடு என்றால் வவுனிக்குளத்து அணைக்கட்டுத்தான். அதன்மீது ஏறி நின்றால் ஒரு புறம் நீரும் மறுபுறம் வயலும் தெரியும். அதனினும் உயர்ந்த நிலம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. இத்தகைய சமதரையிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிற் சிலர், மலையன்றி வேறில்லையோ என்று எண்ணத்தக்க சுவிற்சர்லாந்தில் வேரூன்றி வாழ்கின்றனர். என் தம்பி அவர்களுள் ஒருவன். பேர்ண் நகரில் அவன் இல்லத்தில் மாசி மாதத்திற் சில நாள் தங்கியிருந்தபோது, கிறிண்டெல்வால்ட் என்னும் மலையூருக்குச் சென்றுவரும் வாய்ப்புக் கிடைத்தது. உறவினரைக் காண அந்நாட்டுக்குச் செல்லும் நம்மவர் தொகை சிறிதன்று. அவர்களுக்கு உதவுமென்று கருதி வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மல்லாவியிலிருந்து மாங்குளம் சந்திக்கு வந்து, கண்டி வீதியால் வவுனியா கடந்து, கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவது யாவரும் அறிந்ததே. பயணத்தின் மிக நீண்ட பகுதி விசாவுக்கான அலைச்சல்தான். அதைப்பற்றி எழுதத் தொடங்கினால் மலைக்குப் போய்ச் சேர மாட்டோம். பேர்ணிலிருந்து இன்ரர்லாக்கன் கிழக்கு நிலையத்துக்குப் புகையிரதம் ஒரு மணி நேரத்துக்குட் சென்றுவிடுகிறது. வழியிலே தூண் ஏரி பக்கத்திலேயே வரும். அங்கே மலைப் புகையிரதத்துக்கு மாற வேண்டும். ஒன்றை நினைவிற் கொள்க: அவ்வண்டி இடைவழியில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுற்றர்புறுன்னனுக்கும் மற்றப் பாதி கிறிண்டெல்வால்டுக்கும் போகும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசித்துவிட்டே ஏறுக. அந்நாட்டில் அரைக் கட்டண அட்டை என்றொன்று உண்டு. சில நாட்களேனும் ஊர் சுற்ற எண்ணுபவர் முதலில் அதை வாங்குவது நன்று.

பாடசாலைகளுக்கு விளையாட்டு விடுமுறை விடும் காலம் அது. வண்டி நிறையச் சனம். ஏரையும் நுகத்தையும் தோளிற் சுமந்து வயலுக்குப் போகும் உழவரைப்போல, நெடிய சறுக்குப் பலகைகளைத் தோளிற் சாய்த்தபடி ஆணும் பெண்ணும் சிறுவரும் நெருக்கியடித்து நின்றனர். கூட்டத்துக்கு அஞ்சுபவர் விடுமுறை வாரங்களையும், தை மாத நடுவில் அயலூரான வெங்கனில் நடைபெறும் லவுபர்ஹோர்ன் பந்தய நாட்களையும் தவிர்க்க வேண்டும். 1930 முதல் நடந்துவரும் பந்தயம் அது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. கிறிண்டெல்வால்ட் கடல்மட்டத்துக்கு மேல் 1034 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியாவோ 1868 மீற்றர். ஆயினும் அங்கே தேயிலை தளிர்க்கிறது. இங்கே முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது. மல்லாவி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகையளவில் இருக்க, இவ்வூர் நாற்பத்தாறு பாகைக்கும் அப்பால் இருப்பதே காரணம். மாரியிற் சூரியன் தாழ்ந்தே செல்கிறது, பகலும் குறுகியது.

ஊரின் கீழ்முனையிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் என்னும் கம்பிவட ஊர்தி புறப்படுகிறது. 2020 மார்கழியில் திறக்கப்பட்டது. ஒரு கூண்டில் இருபத்தாறு பேர் அமரலாம். பதினைந்து நிமிடத்தில் 2320 மீற்றர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. ஐகர் மலையின் வடக்குச் சுவர் சாளரத்தின் அருகே செங்குத்தாக நிற்கிறது. 1938-இலேதான் மனிதர் முதன்முதலாக அதில் ஏறி முடித்தனர். பார்த்த மாத்திரத்தில், அத்தனை காலம் ஏன் ஆயிற்று என்பது விளங்கிவிடும். நேரமுள்ளவர் திரும்பும்போது 1893-இலிருந்து ஓடும் பற்சக்கரப் புகையிரதத்தில் இறங்குக. அதன் நிதானம் எனக்கு மிகப் பிடித்தது.

சறுக்குப் பாதைகளுக்கு நிறக் குறிகள் உண்டு. நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு வல்லவர்க்குரியது. மேலிருந்து வருபவர், கீழே முன்னாற் செல்பவருக்கு இடையூறு செய்யலாகாது என்பது அங்குள்ள தலையாய விதி. நம் பெருந்தெருக்களுக்கும் அதைக் கொண்டுவரலாம்.

தம்பி 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டுக்குப் போனவன். அக்காலத்திற் போன நம்மவர் பலருக்கு உணவுச்சாலைகளின் சமையலறைகளே கைகொடுத்தன. அவனும் மலை விடுதியொன்றிற் பாத்திரம் கழுவத் தொடங்கிப் பின்னர் சமையற்காரனானான். சறுக்கி இறங்குவோரைச் சமையலறைச் சாளரத்தினூடே எத்தனையோ மாரிகள் பார்த்தவன், ஒரு நாளும் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியதில்லை. அவன் மகளோ பாடசாலைப் பனிச்சறுக்கு முகாமிற் பழகியவள். ஊரை அடுத்த பயிற்சிச் சரிவில், நான்கு வயதுப் பாலரின் நடுவே, அவளே தந்தைக்கு ஆசிரியையானாள்.

“முழங்காலை மடியுங்கோ அப்பா! பயந்து பின்னாலை சாயாதேங்கோ, சாய்ஞ்சாத்தான் விழுவியள்!”

அவன் விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். வேலியோரம் நின்றிருந்த என்னைப் பார்த்து, “பெரியப்பா, நீங்களும் வாங்கோவன்” என்றாள் பெறாமகள். எனக்கு அப்போது பசி எடுத்தது.

அங்கிருந்த உணவுச்சாலையில் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த றோஸ்டி உண்டோம். விலை கைச்சூடு. உண்டு முடிந்ததும் தம்பி எல்லோருடைய தட்டுகளையும் அளவு பார்த்து அடுக்கி, கரண்டிகளை மேலே ஒருபக்கமாய் வைத்துவிட்டே எழுந்தான்.

மலைமேல் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது ஒரு குளம். ஐகர் அடிவாரத்திலுள்ள பால்பொடன் குளம் இயற்கையானதன்று. பனி குறைந்த காலத்துக்கென நீரைத் தேக்கி வைத்து, குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது குழல்களால் துளித்துளியாக வீசிப் பனியாக்குகிறார்கள். நாம் நெல்லுக்குத் தேக்குகிறோம். அவர்கள் பனிக்குத் தேக்குகிறார்கள். ஒருகாலத்தில் ஊரை நெருங்கிவந்த பனியாறு மலையிடுக்கினுள் நெடுந்தூரம் பின்வாங்கிவிட்டது. அவ்வூராரின் பிழைப்பில் பெரும்பகுதி பனியை நம்பியிருப்பதால், மழை பிந்திய ஆண்டில் நம் கமக்காரர் வானத்தைப் பார்ப்பதுபோல அவர்களும் பார்க்கின்றனர்.

இரவு இளைஞர் விடுதியிற் தங்கினோம். பெரிய விடுதிகளிலும் செலவு குறைவு. உடைகளை வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. மேலங்கியை உறவினரிடம் இரவல் பெறலாம். காலணியும் பலகையும் வாடகைக்குக் கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம் தேவை. பனியிற் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பழுதாக்கும்.

சறுக்கத் தெரியாத நம்மவர்க்கு அவ்வூரில் ஒரு வாகனம் உண்டு. வெலோகேமல் என்று பெயர். சில்லுக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டை பூட்டிய மரச் சைக்கிள் அது, மிதியுமில்லை, பிறேக்குமில்லை. கிறிஸ்தியான் பூல்மன் என்ற உள்ளூர்க்காரர் 1911-இல் காப்புரிமை பெற்றது. மறுநாட் காலை மூன்று வண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பேருந்தில் புஸ்ஸால்ப் என்னும் மேட்டுக்குப் போனோம். கைபிடியைத் திருப்பித் திசை மாற்ற வேண்டும்; நிறுத்துவதற்குக் குதிகாலைப் பனியில் ஊன்ற வேண்டும். எரிபொருள் கிடையாதிருந்த 1990-களில் வன்னியிலே மண்ணெண்ணெய்க் கலனும் நெல் மூட்டையும் கட்டிச் சைக்கிள் மிதித்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. முதல் வளைவிலேயே தம்பி எங்களைக் கடந்து போனான். “அப்பா, மெதுவா!” என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள். அவனுக்குக் கேட்டிருக்கும்; ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.