விடச் சொல்வோரும் உடனிருப்போரும்

புகைப் பழக்கத்தைக் கைவிடுதல் தனிமனிதனின் மனவுறுதியை மட்டும் பொறுத்த கருமம் என்றே நம்மிடையே படித்தவர்கள் பெரும்பாலும் பேசி வருகின்றனர். மனம் வைத்தால் விடலாம். விடாதவன் மனம் வைக்காதவன். இவ்வளவுதான் அவர்களது தர்க்கம். கேட்பதற்கு நேர்மையான வாதம் போலத் தோன்றும். ஆனால், முதற் சிகரெட்டை எவனும் தனியே இருந்து கண்டுபிடித்துக் கொள்வதில்லை. யாரோ ஒருவர் நீட்டுகிறார். யாரோ ஒருவர் பற்றவைத்துக் கொடுக்கிறார். கூட்டத்திலே கற்றதைத் தனிமையிலே மறந்துவிடு என்று ஒருவனுக்குச் சொல்வது எவ்வகையில் நியாயமாகும்?

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இவ்விடயத்தில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. இம்மண்ணிலே விளைந்த புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தக் காசிலே கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். என் பாட்டனார் சுருட்டுத் தொழிலாளி. கொட்டிலிலே எல்லோரும் சுருட்டுச் சுற்ற ஒருவர் இருந்து பத்திரிகை வாசிப்பார் என்றும், யுத்தச் செய்தி முதல் தொடர்கதை வரை தாம் அங்கேதான் கேட்டறிந்ததாகவும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் இயலாதிருந்த அம்மனிதர் அரசியல் பேசக் கற்றது அந்தக் கொட்டிலிலேதான். ஆதலால் புகையிலையைப் பற்றி ஏளனமாக ஒரு வார்த்தை எழுதவும் எனக்குக் கை எழுவதில்லை. அதே பாட்டனார் தம் கடைசி இரண்டு வருடங்களையும் திண்ணையிலே மூச்சுக்குப் போராடிக் கழித்ததைக் கண்டவனும் நான்தான்.

எங்களூரிலே ஒரு மேசன் இருக்கிறார். ஐம்பது வயதை அண்மித்தவர். பதினைந்து வயதிலே சீமெந்து குழைக்கப் போன இடத்தில் மூத்தவர்கள் கொடுத்த பீடியிலே தொடங்கி, நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் வரை வந்தவர். விலை கூடிய சிகரெட் ஒன்று நூறு ரூபாவையும் தாண்டிவிட்ட இக்காலத்திலே, அவருடைய நாட்கூலியில் எவ்வளவு புகையாகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஊரிலே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சென்ற வருடம் இருமல் முற்றி அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சுவாசப்பையைச் சோதித்த வைத்தியர், இப்பழக்கத்தை விடாவிட்டால் இனி உயரத்தில் ஏறி வேலை செய்வது நடவாது என்று சொல்லி அனுப்பினார். மேசனுக்கு உயரத்தில் ஏற முடியாதென்றால் அடுப்பும் எரியாது என்பதே பொருள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு மதில் வேலைக்கு அவர் வந்திருந்தார். நான் புத்தி சொல்லப் போகவில்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்:

"விடு விடு எண்டு சொல்லக் கனபேர் இருக்கினம், மாஸ்ரர். விட்டிட்டு அந்தரப்படேக்கை பக்கத்திலை இருக்க ஒருதருமில்லை."

புகைத்தலைப் பற்றி நான் வாசித்த நூல்கள் யாவற்றிலும் இவ்வளவு சுருக்கமாக உண்மை சொல்லப்பட்டதைக் கண்டதில்லை. உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கொட்டின் சில விநாடிகளிலே மூளையைச் சென்றடைகிறது. அதற்குப் பழகிய மூளை அது கிடையாதபோது கலகம் செய்கிறது. எரிச்சல், நித்திரைக் குழப்பம், எதிலும் மனம் பதியாமை ஆகியவை முதல் மூன்று நாட்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் மூன்று நான்கு வாரங்களிலே படிப்படியாகத் தணிகின்றன. இடையிடையே எழும் வேட்கையோ ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களே நீடிப்பது. அந்தச் சில நிமிடங்களைக் கடப்பதற்கு ஒரு துணையைத்தான் அவர் கேட்டார்.

துணை கிடைத்த விதம் வேடிக்கையானது. அவருடைய கையாட்கள் இருவரும் புகைப்பவர்கள். விடும் எண்ணமே இல்லாதவர்கள். ஆயினும் பத்து மணித் தேநீர் வேளையில் தாங்கள் மதிலின் மறுபக்கம் போய்ப் புகைப்பதென்று தாங்களாகவே தீர்மானித்தார்கள். கடனுக்குச் சிகரெட் கொடுத்துவந்த கடைக்காரர், மேசன் கேட்டுக்கொண்டபடி, அந்தக் கணக்கை மூடினார். அவருக்கு அது நட்டம். மனைவி ஒன்றுமே கேட்காதிருந்தார். "இண்டைக்கு எத்தினை?" என்று நாள்தோறும் விசாரிப்பதைவிட அந்த மௌனம் பெரிய உதவி என்று மேசன் பின்னர் என்னிடம் கூறினார். மாலை வேளைகளில் அவரோடு வாசிகசாலைக்கு நடந்து போய் வருவது என் பங்காயிற்று. அங்கே ஒருவர், "ஐம்பதிலை விட்டு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். கேட்கத் தக்க கேள்விதான். பிரித்தானிய வைத்தியர்கள் 34,439 பேரை 1951 முதல் ஐம்பது வருடங்கள் தொடர்ந்து அவதானித்த றிச்சட் டோலும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, ஐம்பது வயதளவில் விடுபவர் ஏறக்குறைய ஆறு வருட ஆயுளை மீட்டுக்கொள்கிறார். அறுபதில் விட்டாலும் மூன்று வருடம். இதை நான் சொன்னபோது மேசன் தம் கையிலே ஆறு விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் அயலிலே ஒரு செத்தவீடு. வெற்றிலை பாக்கோடு சிகரெட்டும் தாம்பாளத்திலே வைத்து வருவோர்க்கு நீட்டும் வழக்கம் எங்களூரில் இருந்து வந்தது. மூன்று தடவை தாம்பாளத்தை விலக்கிய மேசன் நான்காம் தடவை ஒன்றை எடுத்துக்கொண்டார். விடிவதற்குள் ஊர் முழுவதும் அது கதையாயிற்று. "நாங்கள் அப்பவே சொன்னம்" என்று சொன்னவர்களுட் சிலர் அவரை விடச் சொல்லி மாதக்கணக்காக நச்சரித்தவர்கள்! வெட்கத்தினால் அவர் மூன்று நாள் வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. நான்காம் நாள் கையாட்களுள் இளையவன் வீடு தேடிப் போய், "ஒண்டுதானே அண்ணை. பத்தொன்பது நாள் பிடிச்சனியள், அதை ஆரும் எண்ணேல்லையே?" என்று கேட்டு அவரை வேலைக்குக் கூட்டிவந்தான். பழக்கத்தை விடுவோரிற் பலர் முதன்முயற்சியிலேயே வெற்றி காண்பதில்லை என்பதை வைத்தியநூல்கள் கூறும். அந்த இளைஞன் எந்த நூலையும் படித்தவனல்லன்.

அமெரிக்காவிலே பிறேமிங்காம் நகரைச் சார்ந்த 12,067 பேரின் உறவுகளையும் புகைப் பழக்கத்தையும் 1971 முதல் 2003 வரையான தரவுகளைக் கொண்டு கிறிஸ்தாக்கிஸ், பௌலர் என்னும் இருவர் ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். கணவன் மனைவியருள் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 வீதமும், நண்பர் ஒருவர் விட்டால் 36 வீதமும் குறைந்திருக்கக் கண்டனர். ஒத்த இயல்புடையோரே நண்பராகின்றனர் என்று இதற்கு மறுப்புரைப்போரும் உளர், அவ்விவாதம் இருக்கட்டும். என் மனத்தை உறுத்தியவை அவ்வாய்வின் வேறிரண்டு முடிவுகள். கூடிய கல்வியுடையோரிடையே ஒருவர் மற்றவரைப் பின்பற்றி விடுதல் மிகுதியாகக் காணப்பட்டது. விடாமல் எஞ்சியோர் காலப்போக்கிலே உறவு வலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். அதாவது படித்தவர்கள் கூட்டங் கூட்டமாகக் கரையேறுகிறார்கள். ஏறிய பின் திரும்பி நின்று, நீரில் நிற்பவனுக்கு மனவுறுதி இல்லை என்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலே நடைபெறும் உரையாடல்களும் இத்தகையனவே.

நாட்டிலே சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது; இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோர்க்கு விற்பதையும் தடுத்தது. 2015 முதல் பெட்டியின் 80 வீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் பிடித்துக்கொண்டன. ஆனால் சிகரெட்டை ஒன்றிரண்டாக வாங்கும் கூலித் தொழிலாளி பெட்டியைக் காண்பதே அரிது. திறைசேரிக்கு வரி சேருகிறது. உற்பத்தியைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெரும்பங்கு பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் குழுமத்துக்குரியது, ஆகவே இலாபம் கடல் கடக்கிறது. இருமல் மாத்திரம் ஊரிலே தங்கிவிடுகிறது. இவற்றைவிட எனக்கு நம்பிக்கை தந்தது வேறொன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாகச் சென்று பேசியதன் பயனாக, 2018ஆம் ஆண்டளவில் இலங்கையின் நூற்றுக்கு மேற்பட்ட சிறு நகரங்களில் வியாபாரிகள் சிகரெட் விற்பதைத் தாமாகவே நிறுத்தியிருந்தனர். அவற்றுள் மிகக் கூடிய தொகை யாழ்ப்பாண மாவட்டத்திலே இருந்தது.

எங்கள் சனசமூக நிலையத்திலும் தாம்பாளத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. எழுப்பியவர்கள் அந்தக் கையாட்கள் இருவருமே. ஒரு முதியவர் கடுமையாக எதிர்த்தார். "போயிலைக் காசிலை படிச்சுப்போட்டு இப்ப போயிலையைப் பழிக்கிறியளோ?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். அவர் இன்றும் புகையிலை நடுபவர். பயிரை மாற்றச் சொல்வோர் அதற்குரிய சந்தையைக் காட்டுவதில்லை என்ற அவருடைய முறைப்பாட்டுக்கு அன்றைய கூட்டத்தில் எவரிடமும் விடை இருக்கவில்லை, என்னிடமும் இல்லை. எனினும் செத்தவீட்டுத் தாம்பாளத்தில் இனிச் சிகரெட் வைப்பதில்லை என்ற தீர்மானம் நிறைவேறிற்று. அடுத்த செத்தவீட்டுக்கு அந்த முதியவர் மடியிலே சொந்தச் சுருட்டோடு வந்து, படலைக்கு வெளியே நின்று பற்றவைத்துக்கொண்டார். அவரோடு ஒருவரும் சச்சரவு செய்யவில்லை.

மேசன் அண்ணை இப்போது ஒன்பது மாதங்களைக் கடந்துவிட்டார். உயரத்திலும் ஏறுகிறார். பேச்சின் நடுவே கை சட்டைப் பையைத் தடவுவது இன்னும் நின்றபாடில்லை. அவருடைய கையாட்களுள் இளையவன் சென்ற மாதம் தானும் விடுவதென்று தொடங்கியிருக்கிறான். பத்து மணியானதும் அவனைக் கூட்டிக்கொண்டு மதிலின் மறுபக்கம் போய் நின்று கதை சொல்லுவது இப்போது மேசனின் வேலையாகிவிட்டது.