டோக்கன் போடாத ஏரோப்ளேன்

என்னிடம் ஏரோப்ளேன் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனாலும் 1930-களில் ஓடிய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றில் மதுரையிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் எந்த மாதம், எவ்வளவு உயரம், எத்தனை லிட்டர் பெட்ரோல் என்று நோட்டு நிறையக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ரயில்வே கால அட்டவணையை வைத்துக்கொண்டு, போகவே போகாத ஊர்களுக்கு இணைப்பு வண்டி தேடுகிறவர்கள் உண்டே, அந்த ரகம்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் ஒரு தேதி: 1935 நவம்பர் 27. கொழும்புக்குத் தெற்கே ரத்மலானையில் புதிதாகப் போட்ட விமானத்தளத்தில் அன்றுதான் முதல் விமானம் இறங்கியது. வந்தது மெட்ராஸிலிருந்து. ஓட்டி வந்தவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ. விமானம் புஸ் மாத்: இரும்புக் குழாய்ச் சட்டம், மரச் சிறகு, மேலே போர்த்திய துணி, ஒரே எஞ்சின், 120 குதிரை சக்தி. மூன்று ஆண்டுக்கு முன் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோனதும் இதே ரகம்தான். வழியில் அகமதாபாத்தில் அந்த விமானத்துக்குப் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தன.

புஸ் மாத் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் போகும். தொட்டி நிறைய ஊற்றினால் 480 கிலோமீட்டர். என் மேப்பில் இரண்டு பென்சில் கோடுகள் இருந்தன. முதல் கோடு மதுரையிலிருந்து நேராக ரத்மலானைக்கு, ஏறத்தாழ 390 கிலோமீட்டர். பெட்ரோல் தாராளமாக மிஞ்சும். ஆனால் சாயல்குடிப் பக்கம் கரையை விட்டால் கொழும்பை நெருங்கும்வரை கீழே தண்ணீர்தான், கிட்டத்தட்ட 290 கிலோமீட்டருக்கு. இரண்டாவது கோடு தனுஷ்கோடி போய், தலைமன்னாருக்குத் தாவி, இலங்கையின் மேற்குக் கரையோரமாக இறங்குவது. தண்ணீர் வெறும் 30 கிலோமீட்டர். மொத்தத் தூரம் 450-க்குப் பக்கம் வந்துவிடும். கொழும்பில் இறங்கும்போது தொட்டியில் பத்து நிமிடத்துப் பெட்ரோல் இருக்கும். ஒன்று கடல் பயம், மற்றது பெட்ரோல் பயம். இரண்டில் எது தேவலை என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியவில்லை. அந்த 30 கிலோமீட்டரைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறினேன்.

விடிந்தும் விடியாத நேரம். பஸ்ஸில் பாதிப்பேர் திதி கொடுக்கப் போகிறவர்கள். மதுரைக்காரனுக்குக் கடலென்றால் அவ்வளவுதான். பிணச்சாம்பல் கரைப்போம், மூன்று முழுக்குப் போடுவோம், ஈர வேட்டியோடு ஓடி வந்துவிடுவோம். ஒன்றிரண்டு மாதம் நிறைந்து மற்ற மாதம் காய்ந்து கிடக்கும் கண்மாய்தான் நமக்குத் தெரிந்த தண்ணீர். மானாமதுரை தாண்டியதும் நான் ஜன்னலுக்கு வெளியே இறங்கும் இடம் தேட ஆரம்பித்தேன். எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவது என்பதுதான் சின்ன விமானப் பயணத் திட்டத்தின் பாதி. மேப்பில் சமவெளியாகத் தெரியும் ராமநாதபுரம் சீமை நேரில் சீமைக்கருவேலங்காடு. காய்ந்த கண்மாய்க்குள்ளும் அதேதான். முள்ளில் இறங்குவதற்குத் தண்ணீரே தேவலையோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டிலிருந்து ஒரு விரல் என் மேப்பின் மேல் வந்து நின்றது.

"இந்தக் கோடு எதுக்குத் தம்பி கடல்ல கெடக்கு?"

எழுபதை நெருங்கியவர். மதுரையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார். பெரிய கறுப்புக் கண்ணாடி. அதைத் தூக்கித் தூக்கி மேப்பைப் பார்த்தார். முன் சீட்டிலிருந்து மகள் திரும்பிப் பார்த்து, "அப்பா, கண்ணைக் கஷ்டப்படுத்தாதீக" என்றாள். பாம்பன்காரர்கள். அவர் விசைப்படகு டிரைவராக இருந்தவர். போட்டை விற்றாகிவிட்டது.

கோட்டின் கதையைச் சொன்னேன். மனதுக்குள் சலிப்புதான். மீன் பிடிக்கிறவருக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்கிற நினைப்பு எனக்கு இருந்தது.

"எஞ்சின் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்யா. 120 குதிரை."

"என் போட்டும் அதேதான்." மேப்பை என் மடியிலிருந்து தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "எந்த மாசம்?"

ஏப்ரல் கடைசி என்றேன். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் இன்னும் தொடங்காத நாட்கள். அதைக் கண்டுபிடிக்க நான் எவ்வளவோ படித்திருந்தேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே அது போயிற்று.

"காத்துக்குச் சரிதான். ஆனா ஏப்ரல் பதினஞ்சுல இருந்து தடைக்காலம். அறுபத்தோரு நாளைக்கு விசைப்படகு ஒண்ணும் வெளிய போகாது. நீங்க விழுந்தா யாரு தூக்குவா?"

நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. லைஃப் ஜாக்கெட்டை ஏறும்போதே மாட்டிக்கொள்ள வேண்டும், விமானத்துக்குள் இருக்கும்போது ஊதிவிடக் கூடாது என்பது வரை எனக்குத் தெரியும். தண்ணீரில் மிதப்பவனை யார், எந்தக் கிழமையில் பார்ப்பார்கள் என்று யோசித்ததில்லை. அவர் கிழமையும் சொன்னார். இந்தக் கடலில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. "பங்குனியில, ஒரு திங்களோ புதனோ சனியோ. அன்னைக்குக் கடல் நெறைய ஆளு இருக்கும்."

பரமக்குடி வந்தது, போனது. நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட பிஸ்கோவை இழுத்தேன். நவம்பர் 27 என்றதும் அவர் விரல் விட்டு எண்ணினார்.

"கார்த்திகை. நல்ல வாடை. அப்ப வடகடல் கொந்தளிச்சுக் கெடக்கும், தென்கடல் படுத்திருக்கும். கச்சான்ல அப்படியே மாறிப்போகும். தென்கடலை ஒட்டித்தான் போயிருப்பான், கூறு இருந்தா."

வடகடல் என்று அவர் சொன்னது பாக் நீரிணை, தென்கடல் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்தில் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தலைமன்னாரைத் தாண்டித் தெற்கே திரும்பிவிட்டால் வாடை முதுகில் தள்ளும், பெட்ரோல் மிஞ்சும் என்று என் பங்குக்கு நான் சேர்த்தேன். "போறதுக்குச் சரி. வாறதுக்கு?" என்றார்.

உச்சிப்புளி கடற்படை விமானத்தளத்தைத் தாண்டினோம். 2009-லிருந்து அதற்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர். "இவககிட்டச் சொல்லாம மேல பறந்துருவீகளாக்கும்?" என்று கேட்டார். இந்தியாவில் எந்தச் சின்ன விமானமும் பயணத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்புக்காரர்களிடம் ஓர் எண் வாங்கித்தான் கிளம்ப முடியும் என்று விளக்கினேன். "டோக்கன்" என்றார். மீன்துறையில் டோக்கன் போடாமல் போட்டு கிளம்பாது. எத்தனை பேர், எப்போது போனார்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை பக்க விதிகளையும் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

மண்டபத்தில் தங்களோடு என்னையும் இறக்கிவிட்டார்கள். தனுஷ்கோடி போகக் கிளம்பியவன் நான். ஆனால் பஸ்ஸில் தொடங்கிய ஒரு சண்டை பாதியில் நின்றிருந்தது, பசியும் எடுத்திருந்தது. ரோட்டோரம் தகரக் கொட்டகை. ஊளி மீன் குழம்பு, கணவாய் வறுவல், குழைந்த சோறு. மதுரையில் மீன் குழம்பென்றால் புளியும் மிளகாயும் மேலேறி நிற்கும், மீன் ஏதோ சாட்சிக்கு வந்ததுபோலக் கிடக்கும். இங்கே குழம்பு வெளிறிப்போய், தேங்காய் தூக்கலாக இருந்தது. முதல் வாயில் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வாயில் மீன் தெரிந்தது. மறுசோறு கேட்டேன்.

சண்டை உயரத்தைப் பற்றியது. 1,500 மீட்டர் ஏறிவிட்டால், எஞ்சின் நின்றாலும் பதினைந்து கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டே போகலாம். ஒரு மீட்டர் இறங்கப் பத்து மீட்டர் முன்னேற்றம் என்பது பழைய விமானங்களுக்குச் சுமாரான கணக்கு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நட்டநடுவில் நின்றாலும் ஏதாவது ஒரு கரை கைக்கு எட்டும். கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போனால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், இந்தக் கணக்கு உதைக்கும். அவர் ஒப்பவே இல்லை. தாழப் பற என்றார். மேலே போனால் போட்டில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கேட்காது. தாழப் போனால் கரைக்கு எட்டாதே என்றேன். எட்டாவிட்டால் என்ன, தீடை இருக்கிறது என்றார். ராமர் பாலத்து மணல் திட்டுகளுக்கு அங்கே அதுதான் பெயர். 2022-ல் இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனது இந்தத் தீடைகளில்தான். ஆனால் மணல் இடம் மாறும், போன வருஷத்துத் தீடை இந்த வருஷம் அங்கே இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் அவரே சொன்னார். "அப்ப மேலதான் போகணும்" என்றேன். "தாழத்தான்" என்றார். கணவாய்த் தட்டு காலியாகும்வரை இதுவே நடந்தது. இன்றைக்கும் நான் 1,500 மீட்டரில்தான் இருக்கிறேன்.

ஈரமான கடல் காற்றில் கார்புரேட்டருக்குள் பனி உறைந்து எஞ்சின் அடைத்துக்கொள்ளும் என்றபோது அவர் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ராம்நாட்டு வெயில்ல ஐஸா!" பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே காற்று 20 டிகிரிக்கு மேலும் குளிர்ந்துவிடும், வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே உறையலாம் என்று சொன்னேன். நம்பவில்லை.

அதுவரை பேசாதிருந்த மகள், தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். மடக்க முடியாத சக்கரம். அதுதான் முதலில் தண்ணீரில் மாட்டும், விமானம் குப்புறக் கவிழும், அதனால் தண்ணீரைத் தொடுமுன்பே கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும் என்றேன்.

"தலைகீழாக் கெடக்கும்போது மேல எது, கீழ எதுன்னு தெரியாதுண்ணே" என்றாள். அவள் கடல்பாசி எடுக்க முங்குகிறவள். "கலங்கலா வேற இருக்கும். கொஞ்சம் மூச்சை விட்டுப் பாக்கணும். குமிழி எந்தப் பக்கம் ஓடுதோ அது மேல. அது பின்னாலயே போயிரணும்." பிறகு, பொம்பளைகள் ஏரோப்ளேன் ஓட்டுவார்களா என்று கேட்டாள். 1951-ல் மெட்ராஸ் அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை உஷா சுந்தரமும் அவர் கணவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சாதனை படைத்ததைச் சொன்னேன். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தியா?" என்றாள்.

பெட்ரோல் சிக்கலைக் கடைசியாகத்தான் எடுத்தேன். பத்து நிமிட மிச்சம் என்றதும் அவர் இலையை மூடிவிட்டார். "டீசலை மூணாப் பிரிக்கணும் தம்பி. போக ஒண்ணு, வர ஒண்ணு, கடலுக்கு ஒண்ணு. பத்து நிமிசமெல்லாம் பேச்சே இல்ல. நடுவுல யாழ்ப்பாணத்துல எறங்கி ஊத்திக்கங்க. எனக்கு அந்த ஊரு தெரியும்."

"எப்படிங்கய்யா?"

"ஜெயில்ல இருந்தேன். எல்லை தாண்டிட்டேன்னு பிடிச்சிட்டுப் போனாக."

மகள் கை கழுவ எழுந்து போனாள். அவர் மேற்கொண்டு அதைப் பேசவில்லை. ஸ்கேலைக் கேட்டு வாங்கினார். மதுரையிலிருந்து தனுஷ்கோடி, தலைமன்னார் வழியே பலாலி ஏறத்தாழ 280 கிலோமீட்டர். பலாலியிலிருந்து ரத்மலானை 330. இரண்டு துண்டிலும் தொட்டியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துப் பெட்ரோலாவது நிற்கிறது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் முதன்முதலாக மெட்ராஸுக்குப் பறந்தபோதும் நடுவில் காங்கேசன்துறையில்தான் இறங்கிப் போனது. 2019-லிருந்து பலாலி மறுபடியும் சர்வதேச விமான நிலையம். எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். கொழும்பு, கொழும்பு என்றே கோடு போட்டதில் அந்தப் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

1930-ல் ஆகா கான் பரிசுக்கான விமானப் போட்டியில் நடந்ததை அவரிடம் சொன்னேன். எகிப்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஆஸ்பி இன்ஜினியருக்கு, அதே போட்டியில் எதிர்த்திசையில் பறந்துகொண்டிருந்த டாட்டா தன் பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி ஜெயித்தார், டாட்டா தோற்றார். எல்லோரும் வியக்கும் கதை. அவர் வியக்கவில்லை. "கடல்ல கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்றார்.

விடைபெறும்போதுதான், "சரி, ஏரோப்ளேன் எங்க நிக்குது?" என்று கேட்டார். இல்லை என்றேன். லைசென்ஸும் இல்லை என்றேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடிற்று என்று தெரியவில்லை. மகள்தான் சிரித்தாள். அவர் என் போன் நம்பரைக் கேட்டு, மகளின் போனில் போடச் சொன்னார்.

பங்குனி பிறந்ததும் போன் வந்தது. எடுத்தவுடன் விஷயத்துக்கு வந்தார். "தம்பி, இந்தப் புதன் வேணாம். ஸ்ட்ரைக்கு. போட்டு ஒண்ணும் கடலுக்குப் போகாது."

சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.