சீரியல் முடிஞ்சாதான் கம்ப்யூட்டர்!

"டிசம்பர்ல சீட்டு விழும். 35,000 ரூவா. அதுக்கு மேல ஒரு பைசா கேக்கப்பிடாது, கேட்டியா மக்ளே?"

2025 ஆகஸ்ட்டில் அம்மா கொடுத்த வாக்குறுதி இது. அன்னிக்கு ராத்திரியே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துட்டேன். குலசேகரம் பக்கத்துல ரப்பர் மரத்துக்கு நடுவுல ஒரு ஓட்டு வீடு, அதுல மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு பையன்... இதுதான் நம்ம பயோடேட்டா. வீட்டுல ஏற்கெனவே ஒரு லேப்டாப் உண்டு. அக்கா பிளஸ் டூ படிக்கிறப்ப அரசாங்கம் கொடுத்தது. அவ நர்சிங் முடிக்கிற வரைக்கும் உழைச்ச ஜீவன், அதுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனா அதுல த்ரீ-டி டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து வெச்சுட்டு, நான் குளிச்சு, சாப்பிட்டு, தலை சீவி வந்தாலும் 'லோடிங்'தான். காலேஜ் லேப் சாயங்காலத்தோட பூட்டிடுவாங்க. ப்ராஜெக்ட்டை எங்க போய் செய்ய?

எட்டு அயிட்டம், 35,000. முதல்ல கண்ணுல பட்டது இன்டெல் பிராசஸர் ஒண்ணு. பேர் கடைசியில 'எஃப்'னு ஒரு எழுத்து, விலையும் கம்மி. ஆஹா, அமுக்கிடலாம்னு நினைச்சேன். நல்லவேளை, சீனியர் அண்ணன் ஒருத்தர் தலையில தட்டினார். அந்த 'எஃப்' இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியா கார்டு போடலைன்னா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. ஒத்தை எழுத்துல நான் தப்பிச்சேன் மக்களே!

கடைசியில ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கு, 2021-ல் வந்த சரக்கு. இதோட கிராஃபிக்ஸுக்குத் தனியா மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கும். அதனால ஒரே 16 ஜிபி ராமைவிட, ரெண்டு 8 ஜிபி ஜோடியாப் போட்டா வேகம் கூடும். மதர்போர்டு பி450. அது 2018-ல் வந்த சிப்செட், பிராசஸரைவிட மூணு வயசு மூத்தது. பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸை அப்டேட் பண்ணாம இந்தப் பிராசஸரைக் கண்டுக்கவே கண்டுக்காதாம். கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வின்னு அதையும் நோட்டுல எழுதி அடிக்கோடு போட்டேன். பிராசஸர் 11,000, போர்டு 5,500, ராம் 3,600, எஸ்எஸ்டி 3,000, எஸ்எம்பிஎஸ் 3,300, கேபினெட் 1,900, மானிட்டர் 6,200, கீபோர்டு-மவுஸ் 500. கூட்டிப் பாருங்க, சரியா 35,000. நானே எனக்குக் கை குலுக்கிக்கிட்டேன்!

டிசம்பர் வந்துச்சு. சீட்டும் விழுந்துச்சு. நாகர்கோவில்ல வடசேரியில பஸ் இறங்கி, நாலு கடை ஏறினேன். 3,600 ரூபாய் ராம் எவ்ளோண்ணே? "8,900 தம்பி."

விளையாடுறாரோன்னு நினைச்சேன். அடுத்த கடையில 9,200. எஸ்எஸ்டியும் 4,300 ஆகிட்டிருந்தது. விசாரிச்சா, உலகத்து ராம் சிப்ல பெரும் பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே கம்பெனி கையில. ஏஐ சர்வருக்கான மெமரியில லாபம் கொட்டுதுன்னு ஃபேக்டரிகளை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. அந்த டிசம்பர்லதான் மைக்ரான், நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வித்துட்டிருந்த 'குரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போறதா அறிவிச்சுது. எங்கேயோ யாரோ ஏஐ-கிட்ட கவிதை கேட்க, இங்கே குலசேகரத்துல என் மானிட்டருக்கு ஆப்பு!

சென்னையில படிக்கிற ஸ்கூல் நண்பன் போன்ல, "லேய் மக்கா, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வா, மொத்தத்துல 1,200 குறையும்"னான். ரயிலுக்கும் இட்லிக்கும் அதுல பாதிக்கு மேல போயிடும். நாளைக்கு ஒரு பார்ட் புட்டுக்கிட்டா, வாரன்ட்டிக்காக மறுபடி சென்னைக்குப் படையெடுக்கணும். வேண்டாம்டான்னுட்டேன்.

வீட்டுல விஷயத்தைச் சொன்னேன். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுறதுக்கு முன்னாடி தலையில லைட்டைக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறவர். 2011-ல ரப்பர் கிலோ 240 ரூபாய் போனதையும் பார்த்திருக்கார், 2016-ல நூறுக்குக் கீழே விழுந்ததையும் பார்த்திருக்கார். அலட்டிக்கவே இல்லை. "நம்ம ஷீட்டுக்கு கோட்டயத்துல போடுத விலைதாம்லே நமக்கு. நம்மள கேட்டா போடுதாவ? ஒங்க சாதனத்துக்கும் அப்பிடித்தான்."

சரி, எதை வெட்ட? கடைக்காரர் ஒரு வழி சொன்னார். எஸ்எம்பிஎஸ்ஸோட சேர்த்தே கேபினெட், 1,600 ரூபாய்தான். 3,600 மிச்சம்! சபலம் தட்டினது நிஜம். ஆனா எங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மதியத்துல இடி உறுமினா, முதல் வேலை டிவி பிளக்கைப் பிடுங்குறதுதான். கரன்ட் வர்றதும் போறதும் கண்ணாமூச்சி மாதிரி இருக்கும். என் மெஷின் முழு வேகத்துல ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டாது, அதுக்கு 450 வாட்டே தாராளம். ஆனா அந்த வாட் நிஜமா இருக்கணும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியா போகாது, போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிட்டுத்தான் போகும். ராமைப் பின்னாடி கூட்டிக்கலாம். எரிஞ்ச போர்டை என்ன செய்ய?

ஒத்தை 8 ஜிபியோட திரும்பிடலாமான்னும் யோசிச்சேன். கிராஃபிக்ஸும் அதுலயே கை வைக்கும், அப்புறம் அக்கா லேப்டாப்புக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆக, மானிட்டர் அவுட்! கேபினெட்டையும் 1,500-க்கு இறக்கினேன். கணக்கு மறுபடி 35,000. அம்மாகிட்ட கொடுத்த வாக்கு காப்பாத்தப்பட்டது.

மானிட்டர் இல்லாம எப்படின்னு கேட்கிறீங்களா? ஹாலில் டிவி இருக்கே பாஸ், பின்னாடி ஹெச்டிஎம்ஐ ஓட்டையோட!

ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேஜையில பெட்ஷீட்டை எடுத்துட்டு அறுவை சிகிச்சை ஆரம்பம். அந்தப் பிராசஸருக்கு அடியில 1,331 பின். ஒண்ணு வளைஞ்சாலும் 11,000 ரூபாய் அம்பேல். மூலையில இருக்கிற தங்கக் கலர் முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோட சேர்த்து, அழுத்தாம வெச்சா அதுவாவே உட்காரும். மூச்சைப் பிடிச்சுட்டு வெச்சேன், உட்கார்ந்துச்சு. எல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, டிவியில 'நோ சிக்னல்'. எனக்கு நெஞ்சு அடைச்சுடுச்சு. கழட்டினேன், மாட்டினேன், மறுபடி 'நோ சிக்னல்'. சீட்டு கட்டின அம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்துட்டிருக்காங்க, ஒரு வார்த்தை பேசலை. அதுதான் பயம்.

அரை மணி நேரம் கழிச்சுத்தான் ராம் மேல சந்தேகம் வந்துச்சு. ஒடிஞ்சிடுமோன்னு பூப்போல வெச்சிருந்திருக்கேன். 8,900 ரூபாய் ஆச்சே! மறுபடி அழுத்தக் கை வரலை. அப்பாதான் பக்கத்துல வந்தார். "இதையா அமுக்கணும்? பிளக்கைப் பிடுங்கு முதல்ல." பால் கறை ஏறின கட்டைவிரலை வெச்சு ஒரே அழுத்து. டக். அடுத்ததும் டக். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டா, டிவி முழுக்க வெளிச்சம்!

"எழுத்து வருது"ன்னாங்க அம்மா. அவ்வளவுதான். அப்புறம் சாம்பார் கொதிக்குதுன்னு உள்ளே போயிட்டாங்க.

இப்போ டிசைன் சாஃப்ட்வேர் ஜம்முனு ஓடுது. ஆனா சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் அம்மா ரிமோட்டோட உட்கார்ந்துடுறாங்க. ராத்திரி பத்து மணிக்குக் கடைசி சீரியல் முடிஞ்சாதான் எனக்கு ஸ்கிரீன். நேத்து அதுக்கும் போட்டி வந்துடுச்சு. வேலை முடிச்சு வந்த அப்பா, மேல்சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு நேரா டிவி முன்னாடி உட்கார்ந்தார்.

"மக்ளே, கோட்டயம் விலையை அந்தப் பெரிய ஸ்கிரீன்ல போடு பாப்பம்."