பிறந்த ஊர்: நுவரெலியா

(முன்னாள் மாணவர், இயந்திரவியல் பிரிவு, 1990-93)

"அண்ணா, மலருக்கு ஒரு கட்டுரை வேணும். உங்க அனுபவம் எதையாவது எழுதுங்க. வேலை தேடற பசங்களுக்கு உபயோகமா இருந்தா நல்லது" என்று மாணவர் பேரவைச் செயலாளர் தம்பி போனில் கேட்டார். இண்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும், எப்படி வணக்கம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இண்டர்வியூ ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. அது முடிந்த பிறகு நடந்ததுதான் பிரச்சினை. அதையே எழுதுகிறேன்.

1993 ஜூலை மாதம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு நம் பாலிடெக்னிக்கிலிருந்து நான்கு பேர் தேர்வானோம். லேத், மில்லிங், டிராயிங் என்று கேட்டார்கள், சொன்னோம். கடைசியாகச் சர்டிபிகேட் சரிபார்க்க பர்சனல் டிபார்ட்மெண்டுக்கு அனுப்பினார்கள். மற்ற மூவரும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். என் முறை.

"பிறந்த ஊர் நுவரெலியான்னு இருக்கு. இது எங்கப்பா?"

"சிலோன் சார்."

அவர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சிலோன் என்று வாய்திறந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காத காலம் அது. தம்பி தங்கைகளுக்கு அந்தப் பயம் புரியுமோ என்னவோ!

"அகதியா?"

"இல்லை சார். தாயகம் திரும்பினவங்க. அப்பா கோத்தகிரியில டான்டீ எஸ்டேட்ல வேலை செய்யறார்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் எனக்கு அன்று தெரியவில்லை. டி.சி.யைக் காட்டினேன். "இதுல இந்தியன்னு போட்டிருக்கு சார்."

"டி.சி. எழுதறது ஹெட்மாஸ்டர். அவர் எழுதினா நீ இந்தியன் ஆயிடுவியா? கவர்மெண்ட் பேப்பர் ஏதாவது கொண்டா. பதினஞ்சு நாள் டைம்."

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்று எழுதினால் அது பொய். காந்திபுரம் பஸ் நிலையம் வரை திட்டிக்கொண்டேதான் நடந்தேன்.

அந்த வித்தியாசத்தை இப்போது சொல்கிறேன். எங்கள் பாட்டன் காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போனார்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு. அந்த மீதியையும் 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைப் பிரிப்பது மாதிரி! இந்தியாவுக்கு மனுப் போட்ட என் அப்பாவுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் பாஸ்போர்ட் கொடுத்தது. 1979-ல் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் சில நாள், பிறகு கோத்தகிரி. எனக்கு அப்போது ஐந்து வயது. கப்பலில் வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே பேப்பர் இருந்தது. பெட்டியைத் திறந்தால் எடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் கோத்தகிரி பஸ் ஏறினேன்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான், "சொல்லிப்புடுங்களேன்" என்றாள்.

"கடையில இருக்குப்பா."

மூன்று வருடம் முன்பு அறுநூறு ரூபாய்க்கு மளிகைக்கடையில் பாஸ்போர்ட்டை அடமானம் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. நிலம் இல்லாதவர்கள், நகை இல்லாதவர்கள் வேறு எதை வைப்பார்கள்? கப்பல் ஏறும்போது கொடுத்த பேமிலி கார்டைக்கூட வைத்தவர்கள் உண்டு. கடைக்காரருக்கு அந்தப் புத்தகத்தால் எந்த உபயோகமும் இல்லை. கொடுத்தவனுக்கு அது இல்லாமல் முடியாது என்பதுதான் அதன் விலை. அறுநூறு எதற்கு என்று நான் கேட்கவில்லை. 1990-ல் என் முதல் வருட ஹாஸ்டல் பணம் கட்ட அப்பா கொண்டுவந்த கசங்கிய நோட்டுக்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன.

அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்தது. எண்ணெய்க் கறை படிந்த அட்டை. உள்ளே அப்பாவும் அம்மாவும் பயந்துபோன முகத்தோடு. பிள்ளைகள் பக்கத்தில் என் பெயர். 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(1)(பி) என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

ஆனால் அதில் நான் செல்வராஜா. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் செல்வராஜ். பாஸ்போர்ட்டில் பிறந்தது பிப்ரவரி 14. பள்ளிக்கூடத்தில் ஜூன் 1. அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேரை ஜூன் ஒன்றாம் தேதியிலேயே பெற்றுவிட்டார்கள்! போதாததற்குப் பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

"பேரும் வேற, தேதியும் வேற, பாஸ்போர்ட்டும் செத்துப்போச்சு" என்றார் பர்சனல் ஆபீசர். முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு அபிடவிட் கொண்டுபோனேன். "உன்னைப் பத்தி நீயே எழுதிக்கிட்டா எப்படி?" என்றார். பதினைந்து நாள் முடிந்தது. மற்ற மூவரும் வேலையில் சேர்ந்துவிட்டார்கள்.

வேறு வழி தெரியாமல் நம் பாலிடெக்னிக்குக்கு வந்தேன். ஒர்க்ஷாப் சூப்பரின்டெண்டெண்ட் சார் (என் செட் மாணவர்களுக்கு யார் என்று தெரியும், பெயர் போட்டால் திட்டுவார்) பாஸ்போர்ட்டை வாங்கி, ஒரு ஜாப்பை அளப்பது போலப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "ஏண்டா, பாஸ்போர்ட் காலாவதி ஆகும். குடியுரிமை எப்படிடா காலாவதி ஆகும்? இந்த ஸ்டாம்புதான் விஷயம். இதைக் காட்டினியா?" என்றார். நான் காட்டவில்லை. பெயரையும் தேதியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடி கோத்தகிரி தாசில்தார் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். இரண்டு பெயரும் ஒருவனே என்று சான்றிதழ் வாங்கினேன். சார் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு கம்பெனிக்கே வந்தார். பர்சனல் ஆபீசர் ஸ்டாம்பைப் பார்த்தார், சட்டப் பிரிவைக் குறித்துக்கொண்டார், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

செப்டம்பர் கடைசியில் வேலையில் சேர்ந்தேன். ஒரே நாளில் தேர்வான நால்வரில், அந்தக் கம்பெனியில் இருந்த வரை, சீனியாரிட்டி லிஸ்டில் நான்தான் கடைசி.

என் தங்கைக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அவள் 1981-ல் கோத்தகிரியில் பிறந்தவள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். ஒரே வீடு, ஒரே கஞ்சி. அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். எனக்கு ரப்பர் ஸ்டாம்பு வேண்டும்.

இதோடு நிறுத்தினால் செயலாளர் தம்பி கேட்டபடி உபயோகமான கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் இன்னொன்று இருக்கிறது.

2017-ல் வேறொரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தேன். ஆள் எடுக்கும் குழுவில் நானும் ஒருவன். ஒரு பையன் வந்தான். இயந்திரவியல் டிப்ளமா, 86 சதவீதம். டாலரன்ஸ் பற்றி நான் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதிலை நானே அந்த வயதில் சொல்லியிருக்க மாட்டேன். 1996-ல் ஈரோடு மாவட்டத்து அகதிகள் முகாம் ஒன்றில் பிறந்தவன். தாத்தா ஹட்டன் பக்கத்துத் தோட்டக்காரர். எங்களைப் போலவே இந்தியாவுக்கு மனுப் போட்டவர். ஆனால் சண்டை வந்து 1984-ல் கப்பல் நின்றுபோனது. 1985-ல் தோணியில் வந்தார். கப்பலில் வந்த நாங்கள் தாயகம் திரும்பியோர். தோணியில் வந்த அவர்கள் அகதி.

ஆதார் கார்டு வைத்திருந்தான். ஆதார் குடியுரிமைக்கு அத்தாட்சி அல்ல என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 1987-க்குப் பிறகு பிறந்ததால் தங்கையின் வழியும் அவனுக்கு இல்லை. தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதி வேலை செய்யலாம் என்று எழுதிவைத்த சட்டமும் இங்கே இல்லை. கூலி வேலைக்குப் போனால் யாரும் கேட்பதில்லை. கம்பெனி ரோலில் பெயர் ஏறும்போதுதான் கேள்வி வரும்.

"தம்பி, கவர்மெண்ட் பேப்பர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். குரல்கூட அந்தப் பர்சனல் ஆபீசர் மாதிரியே இருந்தது.

"முகாம் அட்டை இருக்கு சார்."

கம்பெனி வக்கீல் வேண்டாம் என்றார். நான் வாதாடவில்லை. நம் சூப்பரின்டெண்டெண்ட் சார் எனக்காக அரைநாள் லீவு போட்டார். எனக்கு அன்று மத்தியானம் ஒரு கஸ்டமர் மீட்டிங் இருந்தது. பாரத்தில் 'தகுதியில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டத்தை விட்டால் வேறு கட்டம் இல்லை.

அப்புறம் நடந்தவற்றைப் பேப்பரில் படித்துக்கொண்டிருக்கிறேன். முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க 2019-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழிகாட்டியது. அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 2022-ல், மண்டபத்தில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். ஆனால் நான் திருப்பி அனுப்பிய பையன் அவருக்குப் பத்து வருடம் பிந்திப் பிறந்தவன்.

அவனை மறுபடி பார்த்தேன். அடுத்த வருடம் எங்கள் ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த காண்டிராக்டரின் ஆட்களில் அவனும் இருந்தான். கேட்டில் யாரும் அவனிடம் பேப்பர் கேட்கவில்லை. சாரத்திலிருந்து இறங்கி வந்து வணக்கம் சொன்னான். என்ன பேசுவது என்று தெரியாமல், எங்கள் குடும்பமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று சொன்னேன்.

"அப்படியா சார்! எந்த வருஷம்?"

"எழுபத்தொம்பது."

"தாத்தா எண்பத்தஞ்சு" என்றான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டான்.