அன்னதான மேடைக்கு ஏன் வருஷா வருஷம் எண்ணெய் போடுகிறோம்?



வரும் ஞாயிறு நம்ம கோயில்ல கோத்தோங் ரோயோங். பின்பக்கம் குளத்தை ஒட்டி இருக்கிற பலகை மேடையைக் கழுவி, காயவிட்டு, எண்ணெய் போடப் போகிறோம். அறிவிப்பு போட்டதும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "போன வருஷம்தானே போட்டீங்கண்ணே, மறுபடியுமா? நல்லதா ஒரு பெயின்ட் அடிச்சா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லையே?"

நியாயமான கேள்விதான். மூன்று வருஷத்துக்கு முன்னாடி நானும் இதையேதான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் செய்தும் விட்டேன். அதனால் என்ன ஆச்சு என்று இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக மேடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது செங்கால் மரம். செங்கல் இல்லை, செங்கால். அந்தக் காலத்தில் கம்பத்து வீட்டுத் தூண், படகு, பாலம், ரயில் தண்டவாளக் கட்டை எல்லாவற்றுக்கும் தேடித் தேடி எடுத்த மரம். கரையான்கூட லேசில் தொடாது. ஒரு பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நம் பெரியவர்கள் ஒரு பழைய மர வீட்டைப் பிரித்தபோது வாங்கிப் போட்டது. இன்றைக்கு அந்தப் பலகையைப் புதுசாக வாங்க நம்ம நிதியில் முடியாது.

ஆனால் நாம் இருப்பது தைப்பிங். தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர், வருஷத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். காலையில் காலை வைக்க முடியாத வெயில், மூன்று மணிக்கு லாருட் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டும். பலகை ஒரே நாளில் காய்ந்து சுருங்குகிறது, நனைந்து உப்புகிறது. மறுநாளும் அப்படியே. இதுதான் மரத்துக்கு எதிரி.

2019-ல் காஞ்சிபுரம் போய் அத்திவரதரைத் தரிசித்து வந்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவரும் மரம்தான். நாற்பது வருஷம் குளத்துக்குள் இருந்துவிட்டு வருகிறார். எப்படி என்றால், தண்ணீருக்கு அடியில் காற்று எட்டாத இடத்தில் மரத்தை அரிக்கும் பூஞ்சை வளராது. எப்போதும் நனைந்தே இருந்தாலும் பரவாயில்லை, எப்போதும் காய்ந்தே இருந்தாலும் பரவாயில்லை. நனைவதும் காய்வதுமாக இருந்தால்தான் தொல்லை. நம்ம மேடை அப்படித்தான் கிடக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னாடி மேடை சாம்பல் நிறமாகிப் போயிருந்தது. அங்கங்கே சிலாம்பு எழும்பி, சாப்பிட உட்காருகிறவர்களின் காலில் குத்தியது. கோயில் என்பதால் எல்லாரும் வெறுங்கால். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு அன்பர் நன்கொடை கொடுத்தார். "பளபளன்னு இருக்கணும்" என்பதுதான் அவர் ஆசை. வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் தச்சன் இல்லை. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஹார்ட்வேர் கடையில் இருந்ததிலேயே அதிகம் பளபளக்கும் வார்னிஷ் டின்களை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது மழைக்காலம். முந்தின நாள் மழையில் நனைந்த பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே மூன்று பூச்சு அடித்தோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். முதல் நாள் கொலுவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். விளக்கு வெளிச்சம் தரையில் தெரிந்தது. நானும் மேடை ஓரத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் மழை. பூஜை முடிந்து அன்னதானத்துக்குக் கூட்டம் வந்தது. தண்ணீர் நின்ற வார்னிஷ் மேலே வெறுங்கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. தினமும் பூ கட்டிக் கொடுக்கிற நம்ம பாட்டி, கையில் இலையோடு வந்தவர், சறுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வெளியே வந்தபோது அவர் மகள் என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். பாட்டி தடுத்துவிட்டார். "ஏம்மா, பிள்ளைங்க ராத்திரி பகலா பாடுபட்டு அடிச்சாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதே." அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்தக் கையால் பாட்டி நாலு மாதம் பூ கட்டவில்லை. அதற்கப்புறம் வந்தார், ஆனால் மேடைப் பக்கம் வரமாட்டார். சமையல்கட்டு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

தைப்பூசம் வருவதற்குள் வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிய ஆரம்பித்தது. அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. அப்போதுதான் ஒருவர் சொல்லி, குவாலா செப்பத்தாங்கில் மீன்பிடிப் படகு பழுது பார்க்கிற ஒரு சீன அங்கிளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எழுபது வயதுக்கு மேல். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் குனிந்து, ஒரு சின்னக் கத்தியை வார்னிஷுக்கு அடியில் விட்டு நெம்பினார். பிளாஸ்டிக் தாள் மாதிரி கையோடு வந்தது. அடியில் பலகை ஈரமாக இருந்தது.

அவர் விளக்கினது இதுதான். வார்னிஷ் மரத்துக்கு மேலே ஒரு தோல் மாதிரி நிற்கும். பலகை நுனி, ஸ்க்ரூ ஓட்டை, வெடிப்பு வழியாகத் தண்ணீர் எப்படியும் உள்ளே போய்விடும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. வெயில் அடித்ததும் அது ஆவியாகி அந்தத் தோலைத் தள்ளும். எண்ணெய் அப்படி இல்லை, மரத்துக்குள் இறங்கிவிடும். தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகாது, போனாலும் ஆவியாகி வெளியே வரும். ஆனால் வெயிலும் மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "படகை எத்தனை வருஷத்துக்குக் கழுவுவே?" என்றார்.

அந்த வார்னிஷை எடுக்கவே எங்களுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. அடித்தது இரண்டே நாள். அப்போது கற்றுக்கொண்டதைக் கீழே எழுதுகிறேன். உங்கள் வீட்டு வாசலில் மரப்படி, மரத்திண்ணை இருந்தாலும் உதவும்.

முதலில் அடிப்பக்கம். பலகை இடுக்கில் சிக்கின இலை, பூ, சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் குச்சியால் தோண்டி எடுக்க வேண்டும். கீழே காற்று ஓடவில்லை என்றால் மேலே என்ன பூசினாலும் வீண்.

கழுவும்போது பிரஷ்ஷும் கையும் போதும். வாட்டர் ஜெட்டைக் கிட்டே வைத்து அடித்தால் மரநார் கிழிந்து சிலாம்பு அதிகமாகும். இரும்பு ஆணி பட்ட கறுப்புக் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் தண்ணீரில் கலந்து பூசிக் கழுவலாம். ஆனால் அது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது.

உப்புத்தாள் 60, அப்புறம் 80. அதோடு நிறுத்த வேண்டும். இன்னும் வழுவழுப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது, காலும் வழுக்கும்.

பிறகு காயவிட வேண்டும். இதற்குத்தான் பொறுமை வேண்டும். அதனால்தான் இப்போது ஆடித் திருவிழாவுக்கு முன்னால், மழை கொஞ்சம் குறைந்திருக்கும் ஆனி மாதத்தில் செய்கிறோம். மேலே தார்ப்பாயை உயரமாகக் கட்டி, நாலு நாள் காற்றாட விடுவோம். பலகையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் இன்னும் தயாராகவில்லை. உறிஞ்சிக்கொண்டால் எண்ணெய் போடலாம்.

நிறம் கலக்காத எண்ணெய் வெயிலை அவ்வளவாகத் தடுக்காது, சீக்கிரம் சாம்பல் தட்டிவிடும். ரொம்பக் கறுப்பாகப் போட்டால் மத்தியானம் வெறுங்காலில் நிற்க முடியாது. அதனால் நாம் இளம்பழுப்பு நிறம் கலந்த, பூஞ்சை மருந்து சேர்ந்த டெக் எண்ணெயைத்தான் வாங்குகிறோம்.

"விளக்குக்கு வாங்கின நல்லெண்ணெய் மிச்சம் இருக்கே, அதை ஊத்தலாமே" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு அக்கா கேட்பார்கள். வேண்டாம் அக்கா. ஆளி விதை எண்ணெய் மாதிரி அது இறுகிக் காயாது. பிசுபிசுவென்று இருந்து தூசியையும் பூஞ்சையையும் கூட்டும். பழைய என்ஜின் ஆயிலும் வேண்டவே வேண்டாம், நாம் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

பூசும்போது அங்கிள் சொன்ன ஒரே மந்திரம், "நிப்பிஸ், நிப்பிஸ்." மெல்லிசு, மெல்லிசு. பூசி இருபது நிமிஷம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்கிற எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். பலகை நுனிகளுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை. தண்ணீர் அந்த வழியாகத்தான் அதிகம் குடிக்கும்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து மறக்காதீர்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். போன வருஷம் ஒரு தம்பி தெரியாமல் துணிகளை வாளியில் அமுக்கி, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் எடுத்தபோது வாளி கைக்குச் சுட்டது. தண்ணீர் நிறைத்த டின்னில் முக்கி மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும்.

இவ்வளவு செய்தும் மேடை பளபளக்காது. போட்டோவில் பார்த்தால் ஒன்றும் செய்த மாதிரியே தெரியாது. நன்கொடை கேட்டுப் போகும்போது இது ஒரு சங்கடம். கோபுரத்துக்கு வர்ணம் என்றால் கொடுக்க ஆள் இருக்கிறது, கும்பாபிஷேகத்துக்குக் கல்வெட்டில் பெயர் வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதைச் செய்யலாம். மேடை அதுவரை காத்திருக்காது. துணியால் துடைத்ததற்கு யார் பெயரையும் கல்லில் வெட்ட முடியாது. நன்கொடை கொடுத்த அந்த அன்பரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது வருஷா வருஷம் எண்ணெய் டின் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது, பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போன ஆடித் திருவிழாவில் பாட்டி சாப்பாட்டுத் தட்டோடு மேடைப் படி வரை வந்து நின்றார். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். "வேணாம்யா, பிடிக்குது" என்றார். அவராகவே நடந்து போய் உட்கார்ந்தார்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆமாம், மறுபடியும்தான். அடுத்த வருஷமும்தான்.

ஞாயிறு காலை 7.30-க்கு வந்துவிடுங்கள். பழைய பருத்தித் துணி, கையுறை இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். பசியாற இட்லியும் தோசையும் கோயிலில் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தால் அதுவும் சேவைதான். வரமுடிந்தவர்கள் கமென்ட்டில் பெயர் போடுங்கள், சமையலுக்கு எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும்.

அம்மன் துணை.