காணாமல் போய்த் திரும்பிய கிண்ணம்

மரினா சவுத் படகுத்துறையில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் செயின்ட் ஜான்ஸ் தீவு. வழியெங்கும் நங்கூரமிட்ட கப்பல்கள். கடல்நீர் பச்சையாய்க் கலங்கிக் கிடக்கும். அடியில் எதுவும் பிழைத்திருக்குமா என்று கேட்கத் தோன்றும்.

2011ல் அந்தக் கலங்கல் நீரில் மூழ்கிய உயிரியலாளர்கள் கண்ணில் ஒரு கிண்ணம் பட்டது. ஓர் அடி உயரம் இருக்கும். கீழே காம்பு, மேலே அகன்ற வாய். ‘நெப்டியூன் கிண்ணம்’ எனப்படும் கடற்பஞ்சு அது. சிங்கப்பூரில் அதை உயிரோடு பார்த்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இத்தனைக்கும், அறிவியல் உலகுக்கு அது அறிமுகமானதே இங்கிருந்துதான். ராஃபிள்ஸ் வந்திறங்கிய மூன்றே ஆண்டுகளில், 1822ல், தாமஸ் ஹார்ட்விக் என்ற ராணுவ அதிகாரியின் கட்டுரை கல்கத்தா ஆசியக் கழக இதழில் வந்தது. சிங்கப்பூர்க் கரையோரம் சாதாரணமாகக் கிடைப்பது என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்! ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியாகக்கூடப் பயன்பட்டதாம். அழகே வினையானது. அரும்பொருளகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் அள்ளிக் கொண்டு போனார்கள்.

கடற்பஞ்சு தாவரமா விலங்கா என்பதே அன்று குழப்பம். 1825 வாக்கில் ஸ்காட்லாந்தின் ராபர்ட் கிராண்ட், உயிருள்ள பஞ்சின் துளை வழியே நீர் பீறிடுவதைக் கண்டார். வாய், வயிறு, இதயம், நரம்பு எதுவும் கிடையாது; ஆனாலும் விலங்குதான். நுண்துளைகள் வழியே நீர் உள்ளே போகும். சாட்டை போன்ற இழை கொண்ட உயிரணுக்கள் அந்த நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள நுண்ணுயிர்களே உணவு.

வகைப்படுத்துவதுதான் தலைவலி. நீரோட்டம் மாறினால் ஒரே இனம் வேறு வடிவில் வளரும். அதனால் ஆய்வாளர்கள் உருவத்தைவிட உள்ளே இருக்கும் நுண்முட்களை நம்புகிறார்கள், இப்போது மரபணுவையும். முள் சுண்ணாம்பா, சிலிகாவா, எப்படிப்பட்ட கூர் என்றெல்லாம் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஹார்ட்விக் இதை ‘ஸ்பாஞ்சியா’ என்றார். பிறகு ‘பொட்டேரியன்’ ஆனது. இன்று ‘கிளியோனா பட்டேரா’. இதன் சிலிகா முட்கள் குண்டூசியைப் போலவே தலையோடு இருக்கும். கிளியோனா இனங்கள் சிப்பியையும் பவளத்தையும் குடைந்து குடியேறுபவை. சல்லடையாய்த் துளைபட்ட சிப்பி ஓட்டைக் கடற்கரையில் நீங்கள் பொறுக்கியிருக்கலாம். அதைத் துளைத்த பஞ்சும் இந்த ராட்சதக் கிண்ணமும் ஒரே பேரினம் என்றால் நம்பச் சற்று நேரமாகிறது.

மீண்டும் கிடைத்துவிட்டது, சரி, பெருக வேண்டுமே? இடம்விட்டு நகராத உயிர். ஒன்றின் விந்தணு நீரில் மிதந்துபோய் இன்னொன்றின் முட்டையைச் சேர வேண்டும். இரண்டும் வெகுதூரத்தில் நின்றால் வாய்ப்பு குறைவு. அதனால் சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்சார் பூங்காவில் சிலவற்றை அருகருகே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அங்கே முதல் குஞ்சுக் கிண்ணம் எப்போது தென்படும் என்று முக்குளிப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.